அப்பனை மாத்துனா ஆச்சா? – அசாசெல் என்கிற சிவப்புப் பேயை முன்வைத்து

“காமிக்ஸைப் பத்தியெல்லாம் நம்ம ஏட்டுல எழுதணுமா தோழர்?” என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. புராணத்தைப் பற்றி எழுதினோம். தலபுராணத்தைப் பற்றி எழுதினோம். சினிமாவைப் பற்றி எழுதி இன்னும் தீரவில்லை. எதற்காக எழுதினோம்? யார் மனுசன், யார் பேய் என்பதை எந்தச் சமூகமும் தன் பிள்ளைகளுக்குச் சட்டப் புத்தகத்தை விரித்து வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. கதையில்தான் சொல்லிக் கொடுக்கிறது. மனுவின் சுலோகம் நம் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? அசுரன் கதை, அரக்கன் கதை தெரியாத பிள்ளை உண்டா?

இன்றைக்கு உலகம் பூராவும் இருக்கிற பிள்ளைகளுக்கு ராத்திரிக் கதை சொல்லும் பாட்டி அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிறாள். பேர் மார்வெல். அவள் சொன்ன கதைகளில் ஒரு சிவப்புப் பேய் வருகிறான். அசாசெல் என்று பேர். சிவந்த தோல், நீண்ட வால், கூர்மையான காது. இங்கே மறைவான், நொடியில் வேறெங்கோ முளைப்பான். 2003இல் காமிக்ஸில் வந்தான். 2011இல் சினிமாவுக்குப் போனான். 2023இல் அவனுடைய பிள்ளையை அவனிடமிருந்து பிடுங்கி வேறு ஆளுக்குப் பிள்ளையாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்த இருபது வருசக் கதைக்குள் நம்முடைய வழக்கு ஒன்று கிடக்கிறது. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

பந்தம் பிடித்த ஊர்

எக்ஸ்-மென் என்பது 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கிய சித்திரக்கதை. உடம்பில் ஏதோ ஒரு மாறுதலோடு, அதனால் ஒரு சக்தியோடு பிறந்தவர்களின் கதை. மியூட்டன்ட் என்பது அவர்களுக்கு வைத்த பேர். ஊர் இவர்களைக் கண்டால் பயப்படும், வெறுக்கும். இவர்கள் எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை. பிறந்ததே தப்பு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருசம் அது. ஆகவே இது ஒடுக்கப்பட்டோரின் கதை என்று முற்போக்கு விமர்சகர்கள் எழுதி வருகிறார்கள். எழுதட்டும், அந்தப் பெருமையை நாம் பிடுங்க வேண்டாம். ஆனால் முதலில் வந்த ஐந்து எக்ஸ்-மென்களும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதில் ஒருவனுக்கு முதுகில் வெள்ளைச் சிறகு. பேரே ஏஞ்சல், தேவதூதன். பெரும் பணக்கார வீட்டு வாரிசு அவன்.

பன்னிரண்டு வருசம் கழித்து, 1975இல், லென் வீன் எழுத டேவ் காக்ரம் வரைய, இன்னொருத்தன் வந்தான். கர்ட் வாக்னர். நைட்கிராலர் என்பது பட்டப்பெயர். நீலத் தோல், மஞ்சள் கண், கைக்கு மூன்றே விரல், பின்னால் ஆடும் வால். காக்ரம் ஆரம்பத்தில் இவனைப் பேயாகவே கற்பனை செய்து வைத்திருந்தார். பிறகுதான் மியூட்டன்ட் ஆக்கினார். இவன் ஜெர்மனியில் சர்க்கஸ் கூடாரத்தில் வளர்ந்தவன். வளர்த்தவள் ரோமா இனத்துச் சூனியக்காரி. ரோமா என்பவர்கள் ஏறத்தாழ ஆயிரம் வருசத்துக்கு முன் வட இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்தவர்கள். ஐரோப்பா முழுக்க ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். நாஜிகள் யூதர்களோடு சேர்த்துக் கொன்று குவித்தவர்கள். ரோமா என்றாலே சூனியம் என்று எழுதியது ஐரோப்பாவின் பழைய வசவு, அது வேறு கணக்கு. இங்கே ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிறகு முளைத்தவன் கோடீஸ்வரன் வீட்டில் பிறந்தான். வால் முளைத்தவன் கூடாரத்தில் வளர்ந்தான். ஊர் எது, சேரி எது என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

கர்ட் வாக்னர் நமக்கு அறிமுகமாகிற காட்சி இது. இரவு. ஜெர்மனியில் ஒரு கிராமம். பந்தம் பிடித்த கூட்டம் ஒருத்தனைத் துரத்திக்கொண்டு வருகிறது. பிசாசு, பிசாசு என்று கத்துகிறது. அவன் முகத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான் விசாரணை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக் குடிசையில் 44 பேரை நெருப்புக்குக் கொடுத்தவர்களுக்கு இந்தப் படத்துக்கு விளக்கவுரை தேவையில்லை.

அந்த 1975ஆம் வருசக் கதை ஒரு உண்மையைப் பிடித்து வைத்திருந்தது. பேய் துரத்தப்படுகிறவனுடைய உடம்பில் இல்லை, துரத்துகிறவனுடைய கண்ணில் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு குத்தலும் வைத்தார்கள். பிசாசு முகம் கொண்ட இந்தக் கர்ட் வாக்னர் தீவிர கத்தோலிக்கன். ஜெபம் செய்கிறவன். 2003இல் வந்த எக்ஸ்-மென் இரண்டாம் படத்தில் ஆலன் கம்மிங் இந்த வேடத்தைச் செய்தார். தன் பாவங்களுக்காகத் தன் உடம்பிலேயே அடையாளங்களைக் கீறிக்கொண்டவனாக வருவார். பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வாரிசுச் சான்றிதழ்

அதே 2003இல்தான் காமிக்ஸில் அந்த வேலையைச் செய்தார்கள். சக் ஆஸ்டன் என்பவர் எழுதிய தொடர். கர்ட்டின் அப்பன் யார் என்று கண்டுபிடித்துச் சொன்னது. யார்? அசாசெல். வேதாகமக் காலத்திலிருந்து வாழ்கிறவன், சாத்தான் என்று ஜனங்கள் சொன்னது தன்னைத்தான் என்று சொல்லிக்கொள்கிறவன்.

கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். 28 வருசமாக அந்தப் பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தது என்ன? நான் பிசாசு இல்லை, நீங்கள்தான் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று. கதை இப்போது என்ன சொல்கிறது? இல்லையப்பா, நீ பிசாசுக்குப் பிறந்தவன்தான், ஊர் சும்மா சொல்லவில்லை என்று. பந்தம் பிடித்துக்கொண்டு வந்தானே அந்தக் கிராமத்தான், அவனுக்குத் தீர்ப்பு சாதகமாகிவிட்டது. அவன் செய்தது கொடுமையாக இருக்கலாம், அவன் சந்தேகம் நியாயமானது என்று ஆகிவிட்டது. நமக்கு இது புதுசா? “அடிச்சது தப்புதான், ஆனா அவனுங்க பொறப்பு அப்படி” என்கிற நடுநிலைக் குரலைக் கேட்காத சேரி எது?

இதோடு நிற்கவில்லை. அசாசெல்லுக்கு ஒரு இனத்தையே உண்டாக்கினார்கள். நெயாஃபெம் என்று பேர். வாலும் பேய் முகமும் கொண்ட ஆதி மியூட்டன்ட் கூட்டம். அவர்களுக்கு எதிர்க்கூட்டம் செயராஃபிம். சிறகு முளைத்தவர்கள், தேவதூதர் தோற்றம். இரண்டு கூட்டத்துக்கும் ஆதி காலத்தில் யுத்தம். சிறகுக்காரர்கள் ஜெயித்தார்கள். வால்காரர்களை இந்த உலகத்தை விட்டே துரத்தி இருட்டு உலகம் ஒன்றில் அடைத்தார்கள். அடைபட்ட தன் சனத்தை மீட்பதற்கு வழி திறக்க அசாசெல் ஊர் ஊராகப் பிள்ளை பெற்றுக்கொண்டு திரிகிறான். நம் பணக்கார வீட்டு ஏஞ்சலுக்கு அந்தச் சிறகுக் கூட்டத்தோடு ரத்த உறவு இருக்கலாம் என்றும் கதை கோடு போட்டுக் காட்டுகிறது.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கதையில் சிறகுக் கூட்டமும் இரக்கமில்லாததாகத்தான் வருகிறது. நாங்களே நல்லவர்கள், மீதிப் பேர் கெட்டவர்கள் என்று பிரித்துப் பார்க்கும் வெறி அவர்களுக்கு உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். எழுதி என்ன பிரயோசனம்? வால் இருக்கிறவனைப் பாதாளத்தில்தானே வைத்தார்கள். தன் சனத்தைச் சிறை மீட்கப் பார்க்கிற ஒருத்தனை வில்லன் என்றுதானே கூப்பிட்டார்கள். அதே காரியத்தை வெள்ளைத் தோல்காரன் செய்தால் அவனுக்குப் பேர் என்ன? விடுதலை வீரன்.

தேவர் ஒரு பக்கம், அசுரர் ஒரு பக்கம், ஜெயித்தவன் வானத்தில், தோற்றவன் பாதாளத்தில். இந்தக் கதையை எங்கேயோ கேட்டிருக்கிறோமே! மகாத்மா ஜோதிராவ் பூலே கேட்டிருந்தார். 1873இல் குலாம்கிரி எழுதினார். அவதாரக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது கடவுள் லீலை இல்லை, வந்தேறியவன் இருந்தவனை ஒடுக்கிய வரலாறு என்று படித்துக் காட்டினார். பாதாளத்துக்கு மிதித்து அனுப்பப்பட்ட பலியை மக்களின் ராஜா என்றார். அந்த நூலை அவர் யாருக்குக் காணிக்கை வைத்தார் தெரியுமா? அடிமை முறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்கு. பூலே கைநீட்டிப் பாராட்டிய அந்த தேசத்தில், 130 வருசம் கழித்து, அவர் உடைத்த அதே கதையைப் புதுச் சாயம் அடித்துக் கலர் கலராக அச்சடித்தார்கள். இதைவிட வேறென்ன சொல்ல?

போக்காடு

அசாசெல் என்ற பேரை மார்வெல்காரர்கள் சும்மா பொறுக்கவில்லை. அது வேதாகமத்தில் இருக்கிற பேர். லேவியராகமம் 16ஆம் அதிகாரம். பாவநிவாரண நாளில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சீட்டுப் போடுவார்கள். ஒரு கடா கர்த்தருக்குப் பலி. இன்னொன்று அசாசெல்லுக்கு. அந்த இரண்டாவது கடாவின் தலையில் ஆசாரியன் கை வைத்து, சனத்தின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு அதன் தலையில் ஏற்றி, வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவான். நம் கிறித்தவத் தோழர்கள் கையில் வைத்திருக்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இதற்கு ஒரு அருமையான சொல் உண்டு: போக்காடு. ஊர் தன் அழுக்கையெல்லாம் தலையில் ஏற்றி ஊருக்கு வெளியே போக்கிவிட்ட ஆடு.

இரண்டு கடாவும் ஒரே மாதிரி ஆடுதான். குணத்தில் வித்தியாசம் இல்லை, ரத்தத்தில் வித்தியாசம் இல்லை. சீட்டு எப்படி விழுந்தது என்பதுதான் வித்தியாசம். வருணம் பிறப்பால் வந்த தகுதி என்று சாதிக்கிறவன் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்க்கட்டும். ஊரின் அழுக்கைச் சுமக்கிறவன் அழுக்குப் பிறவி என்பது, சுமத்தியவன் பின்னால் எழுதிக்கொண்ட கதை.

இன்னொரு பழைய நூல் இருக்கிறது. ஏனோக்கின் புத்தகம். பெரும்பாலான திருச்சபைகள் வேதத்துக்குள் சேர்க்காதது. எத்தியோப்பியத் திருச்சபை வேதமாகவே வைத்திருப்பது. அதில் அசாசெல் ஆடு வாங்கிக்கொள்கிற பாலைவனப் பேய் இல்லை. வானத்திலிருந்து இறங்கி வந்தவன். அவன் செய்த குற்றம் என்ன? கொலையா? கொள்ளையா? கற்றுக் கொடுத்தான். பூமிக்குள் இருக்கிற உலோகங்களைக் காட்டினான். வாளும் கத்தியும் கேடயமும் அடிக்கக் கற்றுக் கொடுத்தான். காப்பு செய்யவும் கண்ணுக்கு மை தீட்டவும் சாயம் ஏற்றவும் கற்றுக் கொடுத்தான். மேலே இருக்கவேண்டிய வித்தையைக் கீழே இறக்கிவிட்டான்.

தண்டனை? கையையும் காலையும் கட்டி, பாலைவனத்தில் பள்ளம் பறித்து, இருட்டில் தள்ளி, மேலே கூரான கற்களைப் போட்டு மூடி, வெளிச்சம் படாமல் முகத்தையும் மூடச் சொல்கிறது மேலிடத்து உத்தரவு. உலகத்துப் பாவம் முழுவதையும் அவன் பேரில் எழுதிவிடவும் சொல்கிறது. வானத்தவர் பூமிப் பெண்களோடு கலந்து பெற்ற பிள்ளைகளையும் விட்டுவைக்கக் கூடாது. கலப்பில் பிறந்தவை அழிய வேண்டும்.

ஏகலைவனுக்குக் கட்டைவிரல் போனது எதனால்? சம்பூகனுக்குத் தலை போனது எதனால்? தெரிந்துகொள்ளக் கூடாததைத் தெரிந்துகொண்டதால். கலப்பைக் கண்டு ஏன் இத்தனை பயம் என்பதற்குக் கீதையில் அர்ஜுனன் புலம்பும் வருணக் கலப்புப் புலம்பலைப் பாருங்கள். அந்தப் பாலைவனத்துக்கும் இந்தக் கங்கைக் கரைக்கும் யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. வித்தையைப் பூட்டி வைக்கிறவனுக்கு எல்லா ஊரிலும் ஒரே மாதிரிப் பயம்தான் வருகிறது.

உலோகம் உருக்கக் கற்றுக் கொடுத்தவனை இரண்டாயிரம் வருசத்துக்கு மேலாகப் பிசாசு என்று சொல்லி, கடைசியில் வால் வைத்த வில்லனாக்கிப் பிள்ளைகள் கையில் பொம்மையாகக் கொடுத்திருக்கிறார்கள். அவன் எதற்காகப் பள்ளத்தில் கிடந்தான் என்று பொம்மை வாங்கிய பிள்ளைக்கு யார் சொல்வது?

திரையில் ஒரு அடியாள்

2011. எக்ஸ்-மென்: ஃபர்ஸ்ட் கிளாஸ். மாத்யூ வான் இயக்கிய படம். ஜேசன் ஃப்ளெமிங் என்ற நடிகருக்கு உடம்பெல்லாம் சிவப்புப் பூசி, கோட்டு சூட்டு மாட்டி, அசாசெல் என்று நிறுத்தினார்கள். காமிக்ஸில் ஒரு கூட்டத்துக்கே தலைவனாக, ஆதிகாலக் கோபத்தோடு இருந்தவன் இங்கே யார்? செபாஸ்டியன் ஷா என்கிற வெள்ளைக்கார முதலாளியின் அடியாள். வாய் திறப்பதே அபூர்வம். முதலாளி சொல்கிற இடத்துக்குக் கூட்டிப் போவான். ஆளைப் பிடித்து ஆகாயத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவான், கீழே விழுந்து சாவதற்கு. முதலாளி செத்ததும் அடுத்த முதலாளியாக மாக்னெட்டோ வந்தான், அவன் பின்னால் போனான். அவனுக்கு என்ன வேண்டும், அவன் சனம் எங்கே என்று ஒரு கேள்விகூடப் படத்தில் இல்லை. பேய் என்று ஒருத்தனுக்கு வேடம் போட்டுவிட்டால் அப்புறம் அவனுக்குக் காரணம் எதற்கு?

இந்தப் படம் நடப்பது 1962இல். கியூபா ஏவுகணை நெருக்கடி. அந்த நெருக்கடி வெடித்த அதே அக்டோபரின் முதல் நாள்தான் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின இளைஞர், மத்திய அரசு அனுப்பிய படையின் காவலோடு மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர முடிந்தது. அவர் சேரக் கூடாது என்று முந்தின இரவு நடந்த வெறியாட்டத்தில் இரண்டு பேர் செத்தார்கள். ஒடுக்கப்பட்டோர் கதை என்று மார்தட்டுகிற படத்தில் இதற்கு ஒரு வரி இல்லை. படத்தில் இரண்டு கறுப்பு முகங்கள் உண்டு. ஒருத்தன் டார்வின். எதிலிருந்தும் தப்பிப் பிழைப்பதுதான் அவனுடைய சக்தி. அவனைத்தான் எக்ஸ்-மென் பக்கத்தில் முதலில் சாகடிக்கிறார்கள்! இன்னொருத்தி ஏஞ்சல் சால்வடோர். அவள் வில்லன் பக்கம் போய்விடுகிறாள். மிச்சம் இருக்கிற நல்ல மியூட்டன்ட்கள் உட்கார்ந்து ஒடுக்குமுறையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

2014இல் அடுத்த படம். அசாசெல்லை நாம் அதில் உயிரோடு பார்ப்பதில்லை. ஒரு விஞ்ஞானியின் அலுவலகத்தில் கோப்பு இருக்கிறது, அதில் அவனை அறுத்துப் பார்த்த பிரேதப் பரிசோதனைப் படம் இருக்கிறது. ஏஞ்சல் சால்வடோருக்கும் அதே கதிதான். அறுத்து ஆராய்ந்து கோப்பில் போடுவதற்குத்தான் கடைசியில் அந்த உடம்பு பயன்பட்டது.

எது கோரம், எது பார்க்கக் கூடாத முகம் என்று அந்தத் தொழிலில் யார் முடிவு செய்தார்கள் என்பதற்கு ஒரு பழைய சாட்சி சொல்கிறேன். 1954இல் அமெரிக்கக் காமிக்ஸ் முதலாளிகள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். நடமாடும் பிணம், ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன் எல்லாம் கூடாது என்றார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றவாம். இ.சி. என்ற நிறுவனம் 1953இல் வெளியிட்ட ஒரு கதையை 1956இல் மறுபடியும் போட வந்தது. ஒரு கிரகத்தில் ஆரஞ்சு நிற ரோபோக்கள் நீல நிற ரோபோக்களைத் தனித் தெருவில் ஒதுக்கி வைத்திருக்கும். மேல் தகடு தவிர இரண்டுக்கும் உள்ளே ஒரே இயந்திரம். பூமியிலிருந்து போன ஒரு விண்வெளி வீரர் பார்த்துவிட்டு, உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லித் திரும்புவார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுவார். அவர் கறுப்பினத்தவர். நெற்றியில் வியர்வை மின்னும். தணிக்கை அதிகாரி அந்தக் கறுப்பு முகம் கூடாது என்றார். பதிப்பாளர் பில் கெய்ன்ஸ் சண்டை போட்டார். சரி, அந்த வியர்வையையாவது எடு என்றார் அதிகாரி. கெய்ன்ஸ் மசியவில்லை. அப்படியே அச்சடித்தார். இ.சி. வெளியிட்ட கடைசிக் காமிக்ஸ் இதழ் அதுதான்.

காட்டேரியைத் தடுக்கப் போட்ட விதி, வியர்த்த ஒரு கறுப்பு முகத்தில் வந்து நின்றது. அவர்களுக்கு எது பேயாகத் தெரிந்தது என்று இனியும் விளக்க வேண்டுமா?

கொம்பை ராவிக்கொள்ளும் நல்லவர்கள்

“எல்லாப் பேயும் வில்லன் இல்லையே, நல்ல பேயும் வருதே” என்பார்கள். வருகிறது. எப்படி வருகிறது என்று பார்ப்போம். மைக் மின்யோலா 1993இல் கொண்டுவந்த ஹெல்பாய் நரகத்தில் பிறந்த சிவப்புப் பிள்ளை. 2004இல் சினிமாவாகவும் வந்தது. நல்லவன். ஆனால் அவன் தன் கொம்பைத் தானே ராவி ராவித் தேய்த்துக்கொள்கிறான். நெற்றியில் இரண்டு வட்டத் தழும்பாகத்தான் அது மிஞ்சியிருக்கிறது. டிசி காமிக்ஸில் 1980இல் வந்த ரேவன், டிரைகன் என்ற பெரும் பேயின் மகள். அவள் கோபப்படக் கூடாது, அழக் கூடாது, ஆசைப்படக் கூடாது. உணர்ச்சி கரை உடைத்தால் உள்ளே இருக்கிற அப்பன் வெளியே வந்துவிடுவான். அறைக்குள் உட்கார்ந்து தியானம் செய்து செய்து தன்னைத் தானே அடக்கிக்கொண்டு ஆயுசு பூராவும் கழிக்க வேண்டும்.

சக நடிகனுக்கு, சக நடிகைக்கு இந்த நிபந்தனை உண்டா? பேட்மேன் கோபப்பட்டால் அது வீரம். ரேவன் கோபப்பட்டால் அது ரத்தம். படித்து முடித்து நகரத்து ஆபீசில் வேலைக்குப் போன நம் பிள்ளைகளைக் கேளுங்கள். சத்தமாகப் பேசினால் ஒரு பேர். கோபப்பட்டால் ஒரு பேர். சோத்துப் பொட்டியைத் திறந்தால் ஒரு பேர். வாயைத் திறந்தால் பேச்சு வழக்கில் ஊர் தெரிந்துவிடுமோ என்று நாக்கை ராவிக்கொண்ட எத்தனை பேர் நமக்குள் இருக்கிறார்கள்? நல்ல பேய் என்றால் அவர்கள் அகராதியில், கொம்பைத் தானே ராவிக்கொள்கிற பேய்.

அப்பனை மாற்றினார்கள்

இப்போது 2023க்கு வருவோம். இருபது வருசமாகக் கர்ட் வாக்னரின் வாசகர்கள் அந்த அசாசெல் கதையைப் பிடிக்காமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நவம்பரில் சை ஸ்பரியர் எழுதி ஒரு தனி இதழ் வந்தது. கர்ட் அசாசெல்லுக்குப் பிறக்கவில்லை என்று எழுதியது. உருமாறும் சக்தி கொண்ட மிஸ்டிக் என்பவள்தான் அப்பன், டெஸ்டினி என்பவள்தான் அம்மா. இரண்டு பெண்களின் காதலில் பிறந்த பிள்ளை. கிறிஸ் கிளேர்மான்ட் என்ற மூத்த எழுத்தாளர் பல வருசம் முன்பே இப்படித்தான் எழுத நினைத்தார், அன்றைக்கு விடவில்லை. அந்தக் காதலை மறைக்காமல் எழுத முடிந்தது நல்ல காரியம். அதில் நமக்கு மறுப்பு இல்லை. ஆணின் விந்து வழியாகவே பிறப்பைக் கணக்குப் பார்க்கிற பழைய கணக்கையும் அது கொஞ்சம் குலைத்துப் போட்டது. கை தட்டலாம்.

ஆனால் தட்டிய கையோடு ஒரு கேள்வி. கர்ட் தப்பித்தான். அசாசெல்? அவனோடு பாதாளத்தில் அடைபட்ட அந்தச் சனம்? அவர்கள் அங்கேயேதான் கிடக்கிறார்கள். பேய்க்குப் பிறந்தவன் பேய் என்ற விதியை யாரும் தொடவில்லை. நம் பிள்ளை மட்டும் அந்த விதிக்குக் கீழே வரமாட்டான், அவன் பிறப்பு வேறு என்று சான்றிதழைத் திருத்தினார்கள். பந்தம் பிடித்தவனிடம் போய், “ஐயா, ஆளு மாறிப்போச்சு, நீங்க தேடுற சாதி இவன் இல்ல” என்று சொல்லிக் கும்பிட்டு அனுப்பியது போல இருக்கிறது. அடுத்து ஒருத்தன் உண்மையிலேயே அசாசெல்லுக்குப் பிறந்தவன் அகப்பட்டால்? கொளுத்தலாமா?

இந்த இடத்தில்தான் கேள்வி நம் வீட்டுக்குள் வருகிறது. நமக்குள்ளேயும் அப்பனை மாற்றுகிற வேலை நடக்கிறதா இல்லையா? நாங்கள் ஆண்ட பரம்பரை என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் ராஜா, சூழ்ச்சியால் கீழே வந்துவிட்டோம் என்று புத்தகம் போடுகிறார்கள். திராவிட இயக்கத்தார் 1974இல் சென்னையில் ராவண லீலா நடத்தி ராமனைக் கொளுத்தினார்கள். அந்தத் துணிச்சலுக்கு வணக்கம். ஆனால் அரக்கனை எடுத்து நிறுத்தும்போது அவனையும் அரசனாகத்தானே நிறுத்தினார்கள்? அரசனாக இருந்தால்தான் மனுசனா? அரக்கர் சேனையில் ஈட்டி தூக்கிச் செத்தானே பேர் தெரியாதவன், அவனுக்கு எந்த லீலை?

பூலே பலியை ராஜா என்றாரே என்று மடக்கலாம். சொன்னார். உழுகிறவன் மறக்காமல் வைத்திருந்த ஒரு நல்ல காலத்துக்கு அந்தப் பேரைச் சொன்னார். ஒரு சாதி இன்னொரு சாதி மேல் ஏறி உட்கார அல்ல. பாபாசாகேப் இன்னும் தெளிவாகப் போனார். 1948இல் தீண்டப்படாதோர் பற்றி எழுதிய நூலில், தீண்டப்படாதோருக்கும் மற்றவர்களுக்கும் இன வேறுபாடு என்று ஒன்றும் கிடையாது என்றார். நம்மைச் சிதறுண்ட மக்கள் என்றார். தோற்றுச் சிதறி ஊர் எல்லையில் வந்து தங்கியவர்கள். ரத்தம் தாழ்ந்ததும் இல்லை, உயர்ந்ததும் இல்லை. எங்கே, எப்போது, யார் கோடு போட்டான் என்றுதான் அவர் தேடினார். உனக்கு நல்ல அப்பனைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று அவர் கிளம்பவில்லை. அப்பனைக் கேட்கிற கேள்வியையே ஒழிக்கக் கிளம்பினார். 1936இலேயே சொன்னதுதானே, சாதியை ஒழிப்பது. சாதிக்குள் ஒரு படி ஏறுவது அல்ல.

ஆண்ட பரம்பரை என்று நாம் மார்தட்டும்போது யாரைக் கைவிடுகிறோம் என்று யோசிக்க வேண்டும். ஆளாத பரம்பரையை. சாக்கடைக்குள் இறங்குகிறவனுக்கு எந்த ராஜாவை அப்பனாகக் காட்டுவது? காட்ட முடியாவிட்டால் அவனைப் பாதாளத்திலேயே விட்டுவிட்டு நாம் மட்டும் மேலே ஏறிக்கொள்வதா? அப்படிச் செய்தால் நாமும் சான்றிதழ் திருத்துகிற வேலையைத்தான் செய்கிறோம். சீட்டு யார் பேருக்கு விழுந்தால் என்ன, சீட்டுப் போடுகிறவன் உட்கார்ந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

அசாசெல்லை நல்லவன் என்று நான் வாதாட வரவில்லை. காமிக்ஸில் அவன் பெண்களைப் பயன்படுத்தித் தூக்கி எறிகிறவன், பிள்ளைகளைச் சாவியாகப் பெற்றவன். பேய் என்று திட்டப்பட்டவன் எல்லாம் புனிதன் ஆகிவிட மாட்டான், ஆக வேண்டிய அவசியமும் இல்லை. செய்த குற்றத்துக்கு அவனைக் கேளுங்கள். பிறப்புக்கும் வாலுக்கும் தோல் நிறத்துக்கும் கேட்காதீர்கள். அவன் சனத்தை யார் அடைத்தார்கள், எதற்கு அடைத்தார்கள் என்று ஒரு கதையாவது அந்தப் பாதாளத்துக்குள் இருந்துகொண்டு எழுதுங்கள். எழுதமாட்டார்கள். அவர்களுக்கு அது வியாபாரம் ஆகாது. எழுத வேண்டியது பாதாளம் எது என்று உடம்பால் தெரிந்தவர்கள். நம் பிள்ளைகள் கையில் பேனாவும் தூரிகையும் வந்துவிட்டது. அவர்கள் படம் போடட்டும், கதை எழுதட்டும். வால் வைத்தே வரையட்டும். கொம்பை ராவாமல் வரையட்டும்.

யாருக்குப் பொறந்தவன்டா நீ என்று கேட்கிறவனுக்கு எந்தப் பதிலும் சொல்ல வேண்டாம். ராஜா பேரும் வேண்டாம், ரிஷி பேரும் வேண்டாம். உன் கையில எதுக்கு பந்தம் என்று திருப்பிக் கேட்போம்.